முக்கால் இஞ்சுக் குழாய்

பெங்களூர், சிவாஜி நகர்
8-7-1971

கவுஸ் பாஷா மச்சான் அவர்களுக்கு அப்துல் ரஷீத் ஸலாம் சொல்லி எழுதுவது.

பக்ரீத் அன்று பள்ளிவாசல் முன்னால் நடந்ததற்குப் பிறகு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஜான் பீ அக்காவுக்காக எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

உங்கள் புளி லாரியை ஓட்டும் பெரியண்ணனை நேற்று இங்கே மண்டியில் பார்த்தேன். வீட்டின் பின்பக்கத்தை இடித்துப் புதுசாகக் கட்டுகிறீர்களாம். அக்கா வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே குளிக்க ஓர் அறை, அதில் ஷவர். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த பேச்சில் அது போய்விட்டது. "குழாயெல்லாம் அரை இஞ்சுதாங்க. தருமபுரியில ஒரே கட்டா எடுத்தாந்து போட்டுட்டாரு" என்றார்.

மச்சான், இங்கே ஜயநகரில் புது வீடுகளுக்குக் குழாய் போடுவதுதான் என் பிழைப்பு. வாளிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் வேறு, ஷவர் வேறு. வாளி நிறைய நேரமானால் காத்திருக்கலாம். ஷவரில் அத்தனை ஓட்டையிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விழுந்தால்தான் உடம்பு நனையும். உங்கள் மாடி தாழ்வு. தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும்போது அதற்குப் பெரிய வேகம் இருக்காது. வேகம் இல்லாத இடத்தில் குழாயாவது அகலமாக இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு இஞ்சுக் குழாயை இறக்குங்கள். ஷவர் வரைக்கும் முக்கால் இஞ்சு போகட்டும். வாளிக் குழாய்க்கு மட்டும் அரை இஞ்சு போதும்.

இன்னொன்று. திறக்கும் வால்வை இடது கைப் பக்கம் வையுங்கள். வலது கை அக்காவுக்கு வேலை செய்யாது என்பதைக் கொத்தனாரும் பிட்டரும் மறந்துவிடுவார்கள்.

அப்துல் ரஷீத்


பாப்பிரெட்டிப்பட்டி
15-7-1971

ரஷீதுக்கு கவுஸ் பாஷா எழுதுவது.

சண்டைக்கு உருது, சமாதானத்துக்குத் தமிழா? ஊரே தொழுதுவிட்டு வெளியே வரும் நேரம் பார்த்து, அக்கா கை கால் விழுந்து கிடக்கிறாள், இவர் அடுத்த நிக்காஹுக்குப் புது சட்டை தைக்கிறார் என்று கத்தினாய். நீ கத்தியது உருதுவில்தான். ஆனாலும் எதிர்க்கடை கோவிந்தம்மாள் வரைக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இரண்டாம் நிக்காஹ் பேச்சை எடுத்தது யார் என்று நீ ஒரு வார்த்தை கேட்டாயா? உன் அக்காதான். "என்னாங்க, வூட்டுக்கு ஒரு பொம்பள வேணுங்க. நானே பாத்து வெக்கறேன், கட்டிக்கோங்க" என்று நச்சரித்தாள். தனக்குத் தெரிந்த பெண்களிடமெல்லாம் சொல்லிவைத்ததும் அவள்தான். அந்தப் பேச்சு சுற்றிச் சுற்றி உன் காதுக்கு வந்தது. நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான், இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தால் சோறு தின்னமாட்டேன் என்று. அதை நான் பள்ளிவாசல் முன்னால் நின்று கத்தவில்லை.

அவள் விழுந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பின்வாசலில் படுதா கட்டி, கட்டிலில் உட்காரவைத்து நான்தான் குளிப்பாட்டுகிறேன். உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை, துணி நனைந்துவிடுகிறது. அந்த உடம்போடு தொழுகைக்கு நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. சுத்தமான மண்ணைத் தொட்டுத் தடவிக்கொண்டு தொழுதாலே போதும், முடியாதவர்களுக்கு அனுமதி இருக்கிறது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இவள் கேட்கவில்லை. "நானே குளிச்சு, நானே சுத்தமாயி, ரெண்டு ரக்அத் தொழணுங்க. மையித்துக்குத்தாங்க அடுத்தவங்க தண்ணி ஊத்துவாங்க" என்றாள். செத்த உடம்பு மாதிரி தன்னை நான் கழுவுகிறேன் என்று சொல்கிறாள். அன்றைக்குத்தான் குளியலறை கட்டுவது என்று முடிவு செய்தேன்.

குழாய் விஷயத்துக்கு வருகிறேன். மொரப்பூர் பிட்டர் மாது வேலை செய்கிறான். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பெருசு போட்டாலும் தண்ணி வரும், சின்னது போட்டாலும் வரும். உங்க இஷ்டங்க" என்கிறான். நம் பள்ளிவாசல் ஹவுஸ் தொட்டியில் அரை இஞ்சுக் குழாயில்தான் ஊரே கை முகம் கழுவி ஒளு செய்கிறது. யாரும் காய்ந்த முகத்தோடு தொழவில்லை. ஓடுகிற ஆற்றில் ஒளு செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யக்கூடாது என்று மதரசாவில் நீயும்தான் படித்தாய். ஒரு பொம்பளை குளிக்க ஒரு இஞ்சுக் குழாயா? வாங்கியது வாங்கியதுதான்.

வால்வை இடது பக்கம் வைக்கச் சொல்லிவிட்டேன். அது நல்ல யோசனை.

கவுஸ் பாஷா


பெங்களூர்
21-7-1971

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. நிக்காஹ் பேச்சு அக்காவுடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் வாயை விட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் எழுத வேண்டாம், இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படித்தால் போதும்.

பள்ளிவாசல் குழாயைப் பார்த்துத்தான் தப்பு செய்கிறீர்கள். அங்கே ஹவுஸின் சுவரிலேயே குழாய் முளைத்திருக்கிறது. தண்ணீர் ஒரு முழம் நடந்தால் கைக்கு வந்துவிடும். ஒளுவுக்குக் கையும் முகமும் காலும் நனைந்தால் போதும். உங்கள் தொட்டி வீட்டின் முன்பக்க மாடியில் இருக்கிறது, குளியலறை பின்பக்கம். தண்ணீர் அவ்வளவு தூரம் சுவருக்குள் நடந்து, மூலைக்கு மூலை எல்போ வளைவில் திரும்பி, மறுபடி ஷவருக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் வேகம் குறையும். அரை இஞ்சில் அது வந்து சேரும்போது சொட்டத்தான் தெம்பு இருக்கும்.

சுவரைப் பூசிவிட்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பூசுவதற்கு முன்னால் நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள், அன்றே பஸ் ஏறுகிறேன். கூப்பிடாமல் உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

பெரியண்ணனிடம் அக்காவுக்காக ஒரு பித்தளை ஷவர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பெரிய மூஞ்சி, நல்ல கனம். ஆனால் குழாய் சின்னதாக இருந்தால் அதை மாட்டாதீர்கள். ஓட்டை அதிகமானால் உள்ள தண்ணீரும் சிதறிப்போகும்.

ரஷீத்


பாப்பிரெட்டிப்பட்டி
2-11-1971

அன்புள்ள ரஷீதுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாயிற்று. கோபத்தில் இல்லை, வேலைதான். அதோடு கொஞ்சம் வீம்பும் உண்டு என்று வைத்துக்கொள். பெங்களூர்க்காரன் சொன்னான் என்று போட்ட பைப்பைப் பிடுங்கினால் மாது என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

ரமலான் பிறப்பதற்கு முன்பே அறை முடிந்துவிட்டது. உட்கார சிமெண்டு மேடை, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி, இடது பக்கம் வால்வு. உன் பித்தளை ஷவரையும் மாட்டியாயிற்று. அரை இஞ்சில் தண்ணீர் வராது என்றாயே, வருகிறது.

உன் அக்கா இப்போது தானே போகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் போய், கதவைச் சாத்திக்கொள்கிறாள். முதல் நாள் அந்தக் கதவு சாத்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் விடியற்காலை பஜ்ரு தொழுகைக்கு முன்னால் குளிக்காமல் இருக்கமாட்டேன் என்கிறாள். உள்ளே போனால் ஒரு மணி நேரம் வெளியே வருவதில்லை. நான் வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "ஜான் பீ, ஏரியில எறங்கிட்டியா?" என்று கேட்டால், "நல்லா இருக்குதுங்க. நீங்க போங்க" என்று குரல் வரும். வெளியே வரும்போது உதடெல்லாம் வெளுத்து, பல் அடித்துக்கொள்ளும். சித்தேரி மலைப் பக்கமிருந்து வரும் குளிர் உனக்குத் தெரியாததா? ஆனால் அந்த முகத்தை நீ பார்க்க வேண்டும். கல்யாணமான புதுசில் பார்த்த முகம். உட்கார்ந்தபடியே தொழுதுவிட்டு, எனக்காகவும் உனக்காகவும் துஆ கேட்கிறாள்.

உன்மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை.

கவுஸ் பாஷா


பெங்களூர்
6-11-1971

மச்சான்,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கண்ணில் படுகிறது.

ஷவரில் யாரும் ஒரு மணி நேரம் குளிப்பதில்லை. தண்ணீர் நன்றாக விழுந்தால் தலையிலிருந்து கால்வரை நனைய எவ்வளவு நேரம் ஆகும்? அக்காவை எனக்குத் தெரியும். கடமையான குளிப்பில் ஒரு முடி காய்ந்திருந்தாலும் குளிப்பு நிறைவேறாது என்று எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து பின்னலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். தண்ணீர் போதவில்லை என்று உங்களிடம் சொல்லவும் மாட்டாள். தனக்காக வீட்டையே இடித்துக் கட்டிய மனுஷனிடம் எப்படிச் சொல்வாள்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே அந்த மேடையில் உட்கார்ந்து வால்வைத் திறந்து பாருங்கள். பார்த்த பிறகு எழுதுங்கள். அதுவரை அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ரஷீத்


பாப்பிரெட்டிப்பட்டி
13-11-1971

ரஷீத்,

உட்கார்ந்து பார்த்தேன்.

நடுவில் உள்ள ஓட்டைகளில் மட்டும்தான் தண்ணீர் வருகிறது. மற்றது ஷவரின் மூஞ்சியிலேயே வழிந்து ஒரு பக்கமாகச் சொட்டுகிறது. என் இடது தோள் நனைந்தது, வலது தோள் காய்ந்தே இருந்தது. நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவளால் நகர முடியாது. நான் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அவள்மேல் விழுந்த தண்ணீரின் சத்தம் இல்லை, தரையில் விழுந்த தண்ணீரின் சத்தம்.

வெளியே வந்து அவளிடம் கேட்டேன். சொன்னாள்: "வலது பக்கம் எனக்கு உணர்ச்சி இல்லீங்களே. நனைஞ்சுதா இல்லியான்னு தெரியல. இடது கையால தடவித் தடவிப் பாத்துக்கறேன். காஞ்ச எடத்துக்குக் கையில புடிச்சுத் தண்ணி ஊத்திக்கறேன். அதான் நேரமாவுது." ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க ஆசையா கட்டுனீங்க" என்றாள்.

அவளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று தருமபுரி டாக்டர் ஊசி போட்டிருக்கிறார்.

பெருநாளைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. பெரியண்ணன் லாரி செவ்வாய்க்கிழமை அங்கே வரும். முக்கால் இஞ்சும் ஒரு இஞ்சும் ஏற்றிக்கொண்டு நீயும் அதிலேயே வா. நான் கூப்பிடுகிறேன். உன் அக்கா வீடு, உன் வீடு.

கவுஸ் பாஷா


பெங்களூர்
27-11-1971

மச்சான் அவர்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கையெல்லாம் இன்னும் சிமெண்டு அரிப்பு. பூசிய சுவரை நீங்களே கடப்பாரை வாங்கி உடைத்தீர்களே, அந்த வேகத்தைப் பார்த்து மாது ஒதுங்கி நின்றுகொண்டான். பெருநாள் பிரியாணியைச் சட்டியோடு வைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து மாதுவோடு நாம் மூன்று பேரும் தின்றதை மறக்கமாட்டேன்.

வேலை முடிந்ததும் அக்கா தன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். டாக்டர் திட்டுவார் என்று நீங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள். நான் வால்வைத் திறந்தேன். அத்தனை ஓட்டையிலும் ஒரே சீராகக் கொட்டியது. அவள் இடது கையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு, "ரஷீத், இவ்ளோ தண்ணியா? இதுல நானு சட்டுனு குளிச்சுட்டு வந்துருவேன்" என்றாள். கையை எடுக்கவே மனசில்லை அவளுக்கு. காய்ச்சல் விட்டதும் முதல் குளியல் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஈரத்தில் அவள் தானாக எழுந்து போய்விடக்கூடாது என்றுதான் வெளிச்சுவரில் உள்ள பெரிய வால்வை மூடிவிட்டு வந்திருக்கிறேன். டாக்டர் சரி என்று சொல்லும்வரை திறக்காதீர்கள். அதன் பிடி கொஞ்சம் இறுக்கம், இரண்டு கையாலும் திருப்ப வேண்டும்.

மைசூரில் ஒரு ஹாஸ்டல் வேலைக்கு எங்களை அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் எழுதுகிறேன். அக்காவின் உடம்பைப் பற்றி இந்த முகவரிக்கே எழுதுங்கள்.

ரஷீத்


பெங்களூர்
16-12-1971

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தந்தி என் அறைக் கதவுக்கு அடியில் கிடந்திருக்கிறது. மைசூருக்கு எடுத்தனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. நான் அங்கே வந்து நின்றபோது அக்காவின் கபர் மேட்டு மண்ணே காய்ந்துவிட்டது.

இரண்டு நாள் உங்களோடு இருந்தேன். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தீர்கள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. நீங்கள் கிணற்றடியில் போய்க் குளித்தீர்கள், நானும் அங்கேயே குளித்தேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்க நினைத்த ஒன்றை இப்போது எழுதிக் கேட்கிறேன். அக்காவைக் குளிப்பாட்டியது யார்? எந்தத் தண்ணீர்? எங்களுக்கு அம்மா இல்லை, தங்கை இல்லை. அவள் மானத்துக்குப் பயந்தவள். கடைசியில் யார் கை பட்டது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள்மேல் எந்தக் குற்றமும் சொல்ல இதை எழுதவில்லை. அல்லாஹ் அறிவான்.

ரஷீத்


பாப்பிரெட்டிப்பட்டி
23-12-1971

என் ரஷீதுக்கு,

குற்றம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். சொல்ல வேண்டிய குற்றம் ஒன்று இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஜூலை மாதமே நீ எழுதினாய். நான் பள்ளிவாசல் குழாயைக் காட்டினேன். அதை இனி நான்தான் சுமக்க வேண்டும், நீ இறக்கிவைக்கப் பார்க்காதே.

அவள் மாலை அசர் தொழுகை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனாள். காலையில்கூட டாக்டரிடம், "நாளைக்கு குளிக்கலாங்களா?" என்று கேட்டாள். அவர் பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான் நடந்தது. துன்பப்படவில்லை.

நான் வெந்நீர் வைத்தேன். இலந்தை இலையும் கற்பூரமும் கொண்டுவரச் சொன்னேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவளைத் தூக்கப் போனேன், தினமும் தூக்குகிற மாதிரி. ஹஜ்ரத் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவுஸ் பாய், மௌத்தானதோட நிக்காஹ் முடிஞ்சுடுச்சுங்க. புருஷன் மௌத்தானா பொண்டாட்டி குளிப்பாட்டலாம். பொண்டாட்டிய புருஷன் தொடக்கூடாதுங்க. முகத்தப் பாருங்க, போதும்" என்றார். எத்தனையோ வருஷமாக ஓதிக்கேட்ட சட்டம்தான். எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு வருஷம் இந்தக் கையால் கழுவிய உடம்புக்கு நான் அன்னியன் ஆகிவிட்டேன். அவளுக்கு எது பிடிக்கும், எந்தப் பக்கம் தூக்கினால் வலிக்கும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வெளியே நின்றேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தெற்குத் தெரு வஹிதா குளிப்பாட்டினாள். கூட இரண்டு பெண்கள். நல்லவர்கள், துணி விலகாமல் பார்த்துக்கொண்டார்கள். பலகையை உன் ஷவருக்குக் கீழேதான் போட்டார்கள். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்.

உள்ளேயிருந்து வஹிதா, "பாய், தண்ணி வரல" என்று குரல் கொடுத்தாள். நீ மூடிவிட்டுப் போன வெளி வால்வு. அதுவரை யாரும் திறக்கவில்லை. நீ சொன்ன மாதிரியே பிடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் திருப்பினேன். சுவருக்குள் தண்ணீர் ஓடிப்போகும் சத்தம் கேட்டது, பிறகு உள்ளே ஒரே கொட்டாகக் கொட்டியது. என்னால் முடிந்தது அதுதான், ரஷீத். அவளுக்கு நான் ஊற்றிய கடைசித் தண்ணீர் அந்த வால்வைத் திறந்ததுதான்.

எல்லாம் முடிந்து வெளியே வந்த வஹிதாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், வலது பக்கமும் நனைந்ததா என்று. அவளுக்கு ஏன் கேட்கிறேன் என்று விளங்கவில்லை. "நல்லா நனைஞ்சுதுங்க பாய். ஒரு முடி காஞ்சிருக்காது. சட்டுனு முடிஞ்சுருச்சு" என்றாள்.

கபர்ஸ்தானிலிருந்து திரும்பி வீட்டுக்குள் வந்தபோது உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வந்த பெண்கள் யாருக்கும் வால்வை முழுசாக மூடத் தெரியவில்லை, எனக்கு மூடத் தோன்றவில்லை. ஓடுகிற ஆற்றில்கூட விரயம் செய்யக்கூடாது என்று உனக்குப் பாடம் சொன்னவன் நான். போய் மூடியிருக்க வேண்டும்.

மூடவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, பழைய மாதிரி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். அந்தச் சத்தம் கேட்கிறவரை அவள் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று இருந்தது. தொட்டி காலியாகி, சத்தம் நின்ற பிறகுதான் எழுந்தேன்.

கவுஸ் பாஷா